அஸ்ஸூஃபியின் சிறு முகில்: சில திருத்தங்கள்

இஸ்லாமிய நாகரிகத்தின் அறிவியற் கொடைகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபியின் (ஹிஜ்ரி 291–376 / கி.பி. 903–986) பெயர் வரும்போது இரண்டு செய்திகளும் உடன் வருவது வழக்கமாகிவிட்டது. ஆண்ட்ரோமிடா விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது ஒன்று. தென்வானத்திலுள்ள பெரிய மகெல்லன் முகிலை ‘வெள்ளை எருது’ என்ற பெயரால் முதலில் பதிவு செய்தவரும் அவரே என்பது மற்றொன்று. முதற் செய்தி பாதி உண்மை. இரண்டாவதோ அவருடைய நூலுக்கே முரணானது. ஒரு ரிவாயத்தை ஏற்குமுன் அதன் மூலத்தையும் அறிவிப்பாளரையும் தேடும் பயிற்சியில் வளர்ந்தவர்கள், இவ்விஷயத்தில் மட்டும் மூல நூலைத் திறவாமலே பெருமை பேசுவது நமக்கு வியப்பளிக்கிறது.

ரய் நகரிற் பிறந்து, புவைஹ் மன்னர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் வாழ்ந்த இவ்வறிஞர், கி.பி. 964 அளவில் எழுதிய ‘ஸுவருல் கவாகிப்’ என்னும் நூல், தாலமியின் ‘அல்மஜிஸ்தி’யிலுள்ள விண்மீன் பட்டியலை மீளாய்வு செய்வது. நாற்பத்தெட்டு விண்மீன் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் வானத்தில் தோன்றுகிறபடி ஒரு படம், வானக்கோளத்தின் மேல் தோன்றுகிறபடி ஒரு படம், ஓர் அட்டவணை, அதற்கு முன் விரிவான உரை. இவற்றுள் அட்டவணையும் உரையும் ஒன்றல்ல என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும்.

அட்டவணையில் அஸ்ஸூஃபி பெரிதும் தாலமியைப் பின்பற்றுகிறார். தாலமி தந்த நெட்டாங்குகளுடன், அயன நகர்வுக்காக 12 பாகை 42 கலையை ஒரே சீராகக் கூட்டுகிறார். அகலாங்குகளை அப்படியே விட்டுவிடுகிறார். ஆதலின் தாலமியின் இடப்பிழைகள் அவருடைய அட்டவணையிலும் தொடர்கின்றன. ஒளித்தரங்கள் மட்டும் அவருடைய சொந்தக் கண்ணின் அளவைகள். ஆனால் உரைப்பகுதியில் அவர் வேறு மனிதர். இன்ன மீன் தாலமி சொன்ன இடத்தில் இல்லை, இன்னதன் ஒளி அவர் சொன்னதிற் குறைவு, இன்னதை நாம் காணவேயில்லை என்று ஒவ்வொன்றாகச் சுட்டுகிறார். நூலின் முன்னுரையில் அல்பத்தானியையும் அபூ ஹனீஃபா அத்தீனவரியையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. வானத்தைப் பாராமல் ஏட்டைப் பார்த்து வானக்கோளம் செய்வோர் மீது அவருக்கிருந்த சலிப்பு அப்பக்கங்களில் வெளிப்படையாகவே தெரிகிறது.

திருத்தங்களை உரையில் வைத்து, அட்டவணையைத் தாலமிக்கே விட்டுக்கொடுத்தது அவருடைய நூலின் குறை என்றே நாம் கருதுகிறோம். பிற்காலத்தார் அட்டவணையைத்தான் படியெடுப்பர்; உரையை நின்று படிப்போர் சிலரே. எனினும் அச்சிலர் இருந்தனர். ஸமர்கந்தில் 1437இல் நிறைவுற்ற உலூக் பேக்கின் பட்டியல், தாலமி குறிப்பிட்ட எட்டு விண்மீன்களை விட்டுவிடுகிறது. தேரோட்டி குழுவின் பதினான்காவது, ஓநாய்க் குழுவின் பதினொன்றாவது, தென்மீன் குழுவுக்குப் புறத்தேயுள்ள ஆறு ஆகியவை அவை. அஸ்ஸூஃபி தேடியும் காணாதவை என்பதே விட்டதற்குக் காரணம். உரையில் எழுதப்பட்ட ஒரு ‘காணோம்’ ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அட்டவணையைத் திருத்தியது.

இனி ஆண்ட்ரோமிடாவுக்கு வருவோம். அரபியில் ‘அல்மர்அத்துல் முஸல்ஸலா’, சங்கிலியிட்ட பெண், எனப்படும் அக்குழுவின் அட்டவணையில் முகில் எதுவும் இல்லை. தாலமியிடம் அது இல்லை. ஆகவே இங்கும் இல்லை. அது வருவது உரையில். இக்குழுவின் மீன்கள் சிலவற்றை அரபியர் ஒரு பெரிய மீனின் வடிவாகக் கண்டனர் என்று கூறவந்த அஸ்ஸூஃபி, அம்மீனை வரையும் இரு வரிசைகளும் எங்கிருந்து தொடங்குகின்றன என்று காட்டுவதற்கு, பதினான்காவது விண்மீனை அடுத்துள்ள ‘லத்கா ஸஹாபிய்யா’வைச் சுட்டுகிறார். முகில் போன்ற பூச்சு, படிந்த கறை என்பது அதன் பொருள். கையெழுத்துப் படிகளின் படங்களில் மீனின் வாயருகே அது சிறு புள்ளிகளாக இடப்பட்டிருக்கிறது.

இதில் ‘நாம் கண்டுபிடித்தோம்’ என்ற தொனி எங்கே இருக்கிறது? தெரிந்த ஊருக்கு வழி சொல்பவர் தெரிந்த ஆலமரத்தைக் காட்டுவது போல, அவர் அம்முகிலை அடையாளமாக ஆளுகிறார். அரபியரின் மீன் வடிவத்தை விளக்கும் இடத்தில் அது வருவதால், அவருக்கு முன்பே அது அறியப்பட்டிருந்தது எனக் கொள்வதே பொருத்தம். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துப் பதிவு அவருடையது என்பது சரி. கண்டுபிடித்தவர் என்பது சரியன்று. ‘விண்மீன் மண்டலத்தைக் கண்டார்’ என்பதோ இன்னும் பொருந்தாது. அந்தப் பூச்சு நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி மண்டலம் என்பது, எட்வின் ஹப்பிள் 1923இல் அதனுள் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டு, 1925இன் தொடக்கத்தில் முடிவு வெளியான பின்னரே நிறுவப்பட்டது. அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் என இன்று கணிக்கப்படுகிறது. ஹப்பிளின் அறிவை அஸ்ஸூஃபியின் வாயில் வைப்பதால் அஸ்ஸூஃபி உயர்வதில்லை.

மேலைநாட்டார் அவரை மறைத்துவிட்டனர் என்ற குற்றச்சாட்டையும் அளந்தே சொல்ல வேண்டும். சைமன் மாரியுஸ் 1612இல் தொலைநோக்கி வழியே இம்முகிலைக் கண்டார். பிரெஞ்சு அறிஞர் புலியால்டுஸ் 1667இலேயே, மாரியுஸுக்கு முந்திய கையெழுத்துப் படி ஒன்றில் இம்முகில் குறிக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டி எழுதினார். அதன் பின்னும் 1764இல் மெஸ்ஸியே தம் பட்டியலின் 31ஆம் பதிவில் மாரியுஸையே கண்டுபிடித்தவராக எழுதினார். திருத்தம் இருந்தது, பட்டியல் அதைப் படிக்கவில்லை. இதை மதக் காழ்ப்பு எனச் சொல்வதினும், பட்டியல்களின் பொது நோய் என்பதே பொருந்தும். அதே மெஸ்ஸியே 1781இல் ஒரு முகிலிலிருந்து அளந்த இடைவெளியை வேறொரு முகிலின் இடத்தோடு கூட்டிவிட்டமையால், அவருடைய 91ஆம் பதிவு ஏறத்தாழ 190 ஆண்டுகள் ‘காணாமற் போன’ பதிவாகவே இருந்தது. 1969இல் ஓர் ஆர்வலர் கணக்கைத் திருப்பிப் போட்டு அதை மீட்டார். 102ஆம் பதிவு 101இன் மறுபதிவே என்று அதைக் கண்ட மெஷேன் 1783இல் கடிதம் எழுதினார். இன்றும் அதற்கு வேறொரு மண்டலத்தைப் பொருத்திக் காட்டுவோர் உளர். 7,840 பதிவுகள் கொண்ட டிரையரின் 1888ஆம் ஆண்டுப் பொதுப்பட்டியலிலோ 6ஆம் எண்ணும் 20ஆம் எண்ணும் ஒரே மண்டலம்.

மகெல்லன் முகிலைப் பற்றிய செய்தி நம் துறைக்கு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அது ஓர் எழுத்தைப் பொறுத்தது. ஆர். எச். ஆலன் 1899இல் வெளியிட்ட விண்மீன் பெயர் நூலில், அஸ்ஸூஃபி அம்முகிலை ‘அல்பக்ர்’, தென் அரபியரின் வெள்ளை எருது, எனக் குறித்தார் என்று எழுதினார். அங்கிருந்தே அது உலகெங்கும் பரவியது. ‘பக்ர்’ என்பது இளம் ஒட்டகம், எருதன்று. அஸ்ஸூஃபியின் நூலிலுள்ள சொல் ‘பகர்’, மாட்டினம்; சூரத்துல் பகராவை ஓதும் சிறுவரும் அறிந்த சொல். நாவின் அடியிற் பிறக்கும் காஃபும் அதற்குச் சற்று முன்னே பிறக்கும் காஃபும் ஐரோப்பிய எழுத்தில் மயங்கிவிட்டன. தமிழிலோ இரண்டும் ஒரே ககரம். ஆகவே பிழை கண்ணிற் படாமலே நம்மிடம் வந்து சேர்ந்தது.

ஆனால் எழுத்துப் பிழையினும் பெரிது பொருட்பிழை. அஸ்ஸூஃபி சொல்வது இதுதான்: தமிழில் அகத்திய மீன் எனப்படும் சுஹைலுக்குக் கீழே ‘சுஹைலின் பாதங்கள்’ இருப்பதாகவும், அவற்றுக்கும் கீழே இராக்கிலும் நஜ்திலும் தென்படாத ஒளிமிக்க வெண்ணிற விண்மீன்கள் இருப்பதாகவும், திஹாமா மக்கள் அவற்றை ‘அல்பகர்’ என அழைப்பதாகவும் சிலர் கூறுகின்றனர், தாலமி இவற்றைக் குறிப்பிடவில்லை, இது மெய்யோ பொய்யோ நாம் அறியோம். ‘வெண்மை’ விண்மீன்களின் நிறம், மாட்டின் நிறமன்று. மேலும் அவர் கூறுவது விண்மீன்களை, முகிலையன்று. முகிலைக் குறிக்க அவரிடம் ‘லத்கா’ என்ற துல்லியமான சொல் இருந்தது. ஆண்ட்ரோமிடாவில் அதை ஆண்டவர் இங்கு ஆளவில்லை. அவர் வாழ்ந்த ஷீராஸின் தொடுவானத்துக்கு மேல் அம்முகில் எழுவதுமில்லை. பெயர் சுட்டப்படாத அறிவிப்பாளர்கள், நேரிற் காணாத பொருள், நூலாசிரியரே ஐயுற்ற செய்தி! ஹதீஸ் கலையில் இத்தகையதை ஆதாரமாகக் கொண்டு வருபவரை நாம் எப்படி நோக்குவோம்?

இச்செய்திக்கு அவருக்கு முந்திய வடிவம் ஒன்றும் உண்டு. இப்னு குதைபா (இறப்பு ஹிஜ்ரி 276) தம் ‘கிதாபுல் அன்வா’வில் ஏறத்தாழ இதையே கூறுகிறார்: சுஹைலின் பாதங்களுக்குப் பின்னே, இராக்கில் தென்படாத பெரிய ஒளிமீன்கள். ஆனால் அங்கே திஹாமா மக்கள் இட்ட பெயர் ‘அல்அஃபார்’. இரு நூல்களும் ஒரே ரிவாயத்தின் இரு கிளைகளாகவே நமக்குத் தோன்றுகின்றன. அவ்வாறாயின் மாடு என்பதே ஒரு பாடபேதமாக இருக்கலாம். சிலர் நம்புவது போல அவ்வொளிமீன்களோடு முகிலும் சேர்த்துக் குறிக்கப்பட்டது என்று கொண்டாலும், முதற் பதிவு அஸ்ஸூஃபியுடையதன்று.

இவற்றைச் சரிபார்க்க ஆக்ஸ்ஃபோர்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. அங்குள்ள புகழ்பெற்ற படியோ, ஹிஜ்ரி 400இல் ஆசிரியரின் மகன் எழுதியது என்ற குறிப்பைத் தாங்கியிருப்பினும், அக்குறிப்பே ஆய்வாளரால் ஐயுறப்பட்டுள்ளது. ஷெல்லரூப்பின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1874இல் வெளிவந்தது. அரபி மூலமோ 1954இல் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில் அச்சானது. அந்நிறுவனத்தின் ஹதீஸ், ரிஜால் பதிப்புகளைப் போற்றிப் பயன்படுத்தும் நாம் இந்நூலையும் அதே அலமாரியில் தேடலாம். அரபுக் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் தமிழாக்கத்துக்கு எடுத்துக்கொள்வதாயின், சங்கிலியிட்ட பெண்ணின் அத்தியாயத்தையும் சுஹைலை உள்ளடக்கிய கப்பல் குழுவின் அத்தியாயத்தையும் முதலில் செய்வது நலம். இரு காஃபுகளையும் வேறுபடுத்தும் ஒரு குறியீட்டைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். அட்டவணையை மட்டும் பெயர்த்து உரையை விட்டுவிடலாகாது.