ஆவணப்படமும் கண்டி முழவும்

சிறு பொருட்செலவில் எழும் படம், அதுவரை அறியாத இசைக்குழுவொன்றைக் கேட்போர்க்கு உறவாக்கித் தருதல் உண்டு. பசில் ரைற் 1934ஆம் ஆண்டில் ஆக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ இதற்குத் தக்க சான்றாகும். தேயிலை வாணிகத்தை வளர்க்கும் பொருட்டு எழுந்த ஆவணப்படம் அது. கண்டி அரசில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டு வாழ்ந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை, லயனல் வெண்ட் அதிற் படிக்கின்றார்.

நான்கு பகுதிகளுள் மூன்றாவதில், சந்தை விலை கூறும் குரல்கள் செவியை நிறைக்கின்றன. இறுதிப் பகுதியிலோ கண்டி ஆடலும் முழவொலியும் எழுகின்றன. வாணிக இரைச்சலை அடுத்து வருதலால் முழவின் ஒவ்வோர் அடியும் கூர்மை பெறுகின்றது. இவ்வைப்பு முறையே படத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும், குறை ஒன்றுண்டு. காட்சியின் தேவைக்கேற்பத் தாளம் அளவுபடுதலின், முழவர்தம் நெடிய பயிற்சியும் தலைமுறை மரபும் புலப்படா. ஆதலின், படத்தால் அரும்பிய விருப்பம் படத்தோடு அமைதல் தகாது. எசல பெரஹராவில் இரவு நெடுகிலும் முழங்கிச் செல்லும் குழுக்களிடத்தும், கண்டியைச் சூழ்ந்த சிற்றூர் முழவரிடத்தும் அது சென்று நிறைதல் வேண்டும். படம் வாயில், இசை குடியிருக்கும் மனை அவர்தம் கைகளே.