கணக்கு ஒத்துவராத கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக மூன்று கேள்விகளோடு கன்சல்டிங் கடைக்குள் நுழைகிறார்கள். எத்தனையாவது ஓனர்? மீட்டர் எவ்வளவு? அடிபட்ட வண்டியா? மூன்றுக்கும் பதில் விற்பவர் வாயிலேயே தயாராக இருக்கும்: “சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வெச்சிருந்த வண்டி, நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு, ஒரு கீறல் கிடையாது.” கேள்விகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் எது உண்மையான அபாயத்தைக் காட்டும், எது விலை பேச மட்டும் உதவும் என்று தரம் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. எல்லாக் குறிகளுக்கும் ஒரே எடை கொடுப்பவர் நல்ல வண்டியைத் தவறவிடுவார். எதற்கும் எடை கொடுக்காதவர் கெட்ட வண்டியைக் கட்டிக்கொண்டு அழுவார்.

எடை போட அளவுகோல் வேண்டும். மூன்று போதும். ஒன்று, அந்தத் தகவல் யாருடைய பதிவேட்டிலிருந்து வருகிறது, விற்பவரால் அதை மாற்ற முடியுமா? இரண்டு, அதே குறிக்குக் குற்றமில்லாத வேறு விளக்கம் உண்டா? மூன்று, குறை உண்மையென்றால் பணம் செலவழித்துச் சரிசெய்ய முடியுமா? சந்தையில் அதிகம் பேசப்படும் குறிகளை இந்த வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் ‘சிங்கிள் ஓனர்’. விளம்பரத்தில் இதற்கு இருக்கும் மதிப்பு சாட்சியமாக இதற்குக் கிடையாது. ஆர்.சி.யில் ஏறுவது பெயர் மாற்றம்தான், கைமாற்றம் அல்ல. முதல் ஓனரிடம் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டு, ஒரு புரோக்கரிடமிருந்து இன்னொரு புரோக்கருக்கு வண்டி போவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். வண்டி மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி. இன்னும் முதல் பெயரையே சொல்லும். அப்படிக் கைமாறிப்போன ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெறவும், வண்டி தங்கள் கைக்கு வந்ததை இணையத்தில் தெரிவிக்கவும் விதி வந்திருக்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆர்.சி.யில் இருப்பவர் பெயரும், இப்போதைய இன்சூரன்ஸ் பாலிசியில் இருப்பவர் பெயரும், எதிரே நின்று பணம் வாங்குகிறவர் பெயரும் ஒன்றுதானா? இல்லையென்றால் நடுவில் யார் என்று ஆவணத்தோடு சொல்ல முடிகிறதா? மூன்றாவது ஓனர் வண்டி என்பது விலையைக் குறைக்கும் செய்தி. ஆர்.சி. ஒருவர் பெயரிலும் பாலிசி வேறொருவர் பெயரிலும் இருந்தால், அதை விளக்கம் கிடைக்கும்வரை பேச்சை நிறுத்திவைக்கும் செய்தியாகக் கொள்ள வேண்டும்.

அடுத்தது மீட்டர். டிஜிட்டல் மீட்டரை லேப்டாப் வைத்துக் குறைக்கலாம். பார்வைக்குத் தடயம் மிஞ்சாது. ஆகவே டேஷ்போர்டில் தெரியும் எண்ணை விற்பவரின் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சோதிக்கும் பதிவு வேறு இடத்தில் இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வண்டி போகும் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் கிலோமீட்டர் ஏறும். இதற்கும் எல்லை உண்டு. இலவச சர்வீஸும் வாரண்டியும் முடிந்ததும் பலர் தெருமுனை மெக்கானிக்கிடம் போய்விடுகிறார்கள். அதனால் நான்காம் ஆண்டுக்குப் பிறகு பதிவே இல்லை என்பதை வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. பதிவு நின்ற இடத்தில் 62,000 என்றிருக்க, இன்றைய மீட்டர் 41,000 காட்டினால் அதற்கு மட்டும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம். ஒழுங்காக ஆயில் மாற்றிய பெட்ரோல் எஞ்சின் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரண விஷயம். அதிகம் ஓடியது குறைந்த விலையில் தீரும். எண்ணை மாற்றியவர் வேறு எதையெல்லாம் மாற்றியிருப்பார் என்ற சந்தேகம் எந்த விலையிலும் தீராது.

மூன்றாவது குறியைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. விற்பவரும் மறைக்க நினைப்பதில்லை. இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்ற ஒற்றை வரி அது. கிளெய்ம் செய்யாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், அடுத்து 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50. கிளெய்ம் செய்தால் அடுத்த பாலிசியில் சுழியத்துக்கு இறங்கிவிடும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சென்னையில் 2019 ஜூனில் பதிவான ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் 2025 டிசம்பரில் விற்பனைக்கு நிற்கிறது. சிங்கிள் ஓனர், 41,000 கி.மீ., கிளெய்மே இல்லை என்கிறார்கள். அப்படியானால் 2025 ஜூனில் தொடங்கிய பாலிசியில் போனஸ் 50 சதவீதம் இருக்க வேண்டும். இருப்பது 20. எனில் முந்தைய பாலிசியில் சுழியம். அதற்கும் முந்தைய ஆண்டில், அதாவது 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் நடுவில், ஏதோ நடந்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையின் தாழ்வான பகுதிகளில் கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன.

இங்கே அவசரப்படக் கூடாது. குற்றமில்லாத விளக்கங்கள் மூன்று இருக்கின்றன. பம்பர் உடைந்ததற்குச் சின்ன கிளெய்ம் போட்டிருக்கலாம். தொகை எவ்வளவானாலும் போனஸ் போய்விடும். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். அப்போதும் போனஸ் போகும். வண்டி கைமாறியிருக்கலாம், போனஸ் ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்தது அல்ல, புது ஓனர் சுழியத்திலிருந்து தொடங்குவார். ‘சிங்கிள் ஓனர்’ என்று அவர்களே சொல்லிவிட்டதால் மூன்றாவது விளக்கம் அடிபட்டுப்போகிறது. மற்ற இரண்டில் எது என்பதைப் பழைய பாலிசிகளும் கிளெய்ம் பில்லும் ஒரு நாளில் சொல்லிவிடும். பாலிசிதாரர் கேட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் விவரம் தரும். மறுபுறம், 50 சதவீதம் இருப்பதாலேயே வண்டி சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் எடுத்திருக்கலாம். கிளெய்முக்கே போகாமல் கைக்காசில் டிங்கரிங் பார்த்திருக்கலாம். ஆக, போனஸ் வரி தீர்ப்புச் சொல்லாது. எந்த ஆண்டைக் கிளற வேண்டும் என்று மட்டும் காட்டும்.

அந்த ஆண்டைக் கிளறினால் வெள்ளம் வெளிப்படலாம் என்பதால், வெள்ளத்தின் எடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்று போகும் வழியில் தண்ணீர் ஏறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். அதைப் பிரித்து மாற்றிவிடலாம். தரை விரிப்புக்குக் கீழே போகும் வயரிங்கும் கனெக்டர்களும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அப்படியல்ல. அரிப்பு மெதுவாக ஏறும். விற்கும் நாளில் எல்லாம் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் படுக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உருளையில் சுற்றியிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை நேர்கோடாக நிற்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தின் ஓரத்தில் காய்ந்த வண்டல், ஏழு வயது வண்டியில் தரை விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருப்பது ஆகியவை அதே கதையைச் சொல்லும். சேறு தானாக சீட் பெல்ட் உருளைக்குள் போகாது என்பதால், இந்தக் குறிக்குக் குற்றமில்லாத விளக்கம் அநேகமாக இல்லை.

அடிபட்ட வண்டி என்ற சொல்லும் தரம் பிரிக்கப்பட வேண்டியது. பம்பர், ஃபெண்டர், கதவு எல்லாம் போல்ட்டில் நிற்பவை. மாற்றினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. பில்லர், ஏப்ரான், சேஸிஸ் சட்டம் ஆகியவை வெல்டிங்கில் நிற்பவை. மோதலின் வேகத்தைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை. பானட்டைத் தூக்கி ஏப்ரானைப் பார்த்தால் கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் குழிவாகத் தெரியும். ஒரு பக்கம் அவை இருந்து மறுபக்கம் பட்டி வைத்து மெழுகியிருந்தால், வெட்டி ஒட்டிய வண்டி. அதேபோல ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்புக் காலக் குறியீடு இருக்கும். முன்கண்ணாடி மட்டும் வேறு ஆண்டு என்றால் கல் பட்டிருக்கலாம். ஒரே பக்கத்துக் கதவுக் கண்ணாடிகள் இரண்டும் வேறு ஆண்டு என்றால் அந்தப் பக்கம் பெரிதாக அடி வாங்கியிருக்கிறது.

இதன் எல்லையில் நிற்பது மொத்தச் சேதம். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர் முழு இழப்பாகக் கணக்குத் தீர்ப்பார். உடைந்த வண்டி ஏலத்தில் போகும். அமெரிக்க மாநிலங்களில் அப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’ என்ற முத்திரை ஏறிவிடும். நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு வரி இல்லை. வண்டி அழிந்துவிட்டால் 14 நாளுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொன்னாலும், பல வண்டிகளின் ஆர்.சி. உயிரோடு இருக்கிறது. அந்த ஆர்.சி.க்கு இரண்டு பயன்: உடைந்த வண்டியை ஒட்டவைத்து ஓடவிடலாம், அல்லது அதே மாடலில் திருட்டு வண்டி ஒன்றுக்கு அதன் சேஸிஸ் எண்ணைக் குத்திவிடலாம். உலோகத்தில் குத்தியிருக்கும் 17 எழுத்து எண்ணை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதும், சுற்றிலும் தேய்த்த அடையாளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் இதனால்தான். இங்கே தவறு இருந்தால் வண்டியோடு பணமும் போகும், போலீஸ் நிலையப் படியும் ஏற வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, பார்க்கப் பயமுறுத்தினாலும் லேசான குறிகள் சில. கடன் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பை நீக்காமல் இருப்பது பெரும்பாலும் சோம்பல். ஃபார்ம் 35உம் வங்கியின் என்.ஓ.சி.யும் கொடுத்து நீக்கிய பிறகே முழுப் பணம் என்று சொல்லிவிட்டால் போதும். டெல்லி எண் கொண்ட டீசல் கார் மலிவாக வருவது அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையால். எஞ்சின் கெட்டது என்று அர்த்தமில்லை. இங்கே கட்ட வேண்டிய வரியையும் மறுபதிவுச் செலவையும் விலையில் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும், அவ்வளவுதான். நிலுவையில் இருக்கும் இ-சலான்கள் அபராதத் தொகையோடு முடிகிற விஷயம்.

1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அதுவே அடித்தளம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது எல்லா வண்டிக்கும் சராசரி விலையே கிடைக்கும். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்குவார். சந்தையில் மட்டமானவை மிஞ்சும் என்பது அவர் வாதம். அதை வாங்குபவர் பக்கமிருந்து திருப்பினால் ஒரு சோதனை கிடைக்கிறது. நல்ல வண்டி வைத்திருப்பவருக்குத் தெரியாமையைப் போக்குவதில்தான் லாபம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவும், பழைய பாலிசிகளைக் காட்டவும், கிளெய்ம் விவரம் கேட்டு வாங்கவும் அவர் சம்மதிப்பார். ‘வேறு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க’ என்பவர் அந்தத் தெரியாமையை விற்கிறார். பெரிய நிறுவனங்கள் நீட்டும் நூற்றுக்கணக்கான அம்சப் பரிசோதனை அறிக்கையும் இதற்கு மாற்றாகாது. அது இன்றைய வண்டியைப் பார்க்கிறது. கடந்த காலத்தைப் பார்ப்பது குறைவு. எழுதுபவரும் விற்பவரும் ஒருவரே என்பது இன்னொரு குறை.

எனவே தீர்ப்பு இது. சேஸிஸ் எண்ணில் சந்தேகம், வெள்ளம், வெட்டி ஒட்டிய சட்டம், குறைக்கப்பட்ட மீட்டர் ஆகிய நான்கும் விலை பேசக் கூடாதவை. ஐம்பதாயிரம் குறைத்துத் தருகிறேன் என்பது அவற்றுக்கு ஈடாகாது. ஓனர் எண்ணிக்கை, அதிக ஓட்டம், போல்ட்டில் நிற்கும் பாகங்களின் சேதம், வெளிமாநிலப் பதிவு, ஹெச்.பி. ஆகியவை விலையில் தீரும். சர்வீஸ் பதிவு இல்லாமை இரண்டுக்கும் நடுவில். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் முடிவாகும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: மோசமான பதிவை விட முரண்படும் பதிவு ஆபத்தானது. 90,000 ஓடி, ஒரு கிளெய்ம் போட்டு, எல்லாவற்றுக்கும் பில் வைத்திருக்கும் இரண்டாம் ஓனர் வண்டி, 41,000 காட்டி எதற்கும் காகிதம் இல்லாத சிங்கிள் ஓனர் வண்டியை விட மேல்.

உதாரணத்தில் நின்ற ஹேட்ச்பேக்குக்கும் இதுவே பொருந்தும். கிளெய்ம் பில்லைக் காட்டி, அது பம்பரோ கதவோ என்று தெரிந்து, சீட் பெல்ட்டும் ஏப்ரானும் அதை ஆமோதித்தால் பேரம் பேசி வாங்கலாம். பில் கிடைக்காது என்று விற்பவர் கையை விரித்தால், வண்டி ஓட்டிப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.