ஹெட்லைட் துடைக்கிற மனிதர்

அமெரிக்காவில் என்ன பார்த்தீர்கள் என்று யார் கேட்டாலும் முதலில் ரோனோக் என்றுதான் சொல்கிறேன். நயாகராவும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில், பழைய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற புகைப்பட அருங்காட்சியகத்தில் நான் நின்ற நான்கு மணி நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை. மருமகள் இரண்டு தடவை வந்து, "மாமா, சாப்பிட்டுட்டு வந்து பார்க்கலாமே" என்று கூப்பிட்டாள். எனக்குப் பசியே தெரியவில்லை!

ஒரே மனிதர் எடுத்த ரயில் படங்களுக்காக 2004-ல் திறந்த இடம் அது. ஓ. வின்ஸ்டன் லிங்க் என்பது அவர் பெயர். நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுத்துக் கொடுப்பது தொழில். 1955 ஜனவரியில் ஏர்கண்டிஷனர் விளம்பர வேலையாக வர்ஜீனியாவுக்கு வந்தவர், கிட்டத்தில் இருந்த வேன்ஸ்பரோ நிலையத்தில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி வண்டியைப் பார்க்கப் போனார். ஜனவரி 21 ராத்திரி அங்கே முதல் படத்தை எடுத்தார். அதோடு அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எனக்கு அந்தப் பித்து புரியும்.

அமெரிக்கா முழுக்க டீசல் வந்துகொண்டிருந்த காலம். நிலக்கரி ஏற்றிச் சம்பாதித்த இந்தக் கம்பெனி கரி எஞ்சினை விடாமல் வைத்திருந்தது. ரோனோக்கிலேயே சொந்தப் பட்டறை போட்டுத் தன் எஞ்சின்களைத் தானே கட்டியது. ஆனால் கரி எஞ்சினும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. 1960 மே மாதத்தோடு அதன் ஓட்டம் முடிந்தது. அந்த ஐந்து வருஷத்துக்குள் லிங்க் சொந்தக் காசில் சுமார் 20 தடவை வந்து, ஏறக்குறைய 2,400 நெகட்டிவ்கள் எடுத்துத் தள்ளினார். யாரும் கேட்டு எடுக்கவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. கம்பெனித் தலைவரே அனுமதி கொடுத்திருந்ததால் ஷெட், யார்டு, சிக்னல் கேபின் எங்கும் போய்வர முடிந்தது. 

பெரும்பாலும் ராத்திரியில்தான் எடுத்தார். பகலில் வெயில் எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. இருட்டில் எல்லாம் அவர் கையில். கரிய வானத்தில் நீராவி வெள்ளைவெளேர் என்று பொங்குவதைப் பெரிய பிரின்ட்டில் பார்க்க வேண்டும். சூடு முகத்தில் அடிப்பது போல இருக்கிறது. இதற்காகத் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் டஜன் கணக்கில் பிளாஷ் பல்புகளை நிறுத்தி ஒயர் இழுப்பார். கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரிதான், ஒரு இடத்தில் அறுந்தால் எல்லாமே போச்சு. அந்த பல்பு ஒரு தடவைதான் எரியும். ஓடி வருகிற ரயிலும் ஒரு தடவைதான் வரும். அந்த ஒரு நொடிக்காக அவரும் உதவியாளரும் மணிக்கணக்கில் இருட்டில் ஏணி ஏறி இறங்கியிருக்கிறார்கள். நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

உலகம் கொண்டாடுகிற அவருடைய படம் 1956 ஆகஸ்ட் 2 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஐகர் ஊரில் எடுத்தது. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர். முன்னால் லிங்க்கின் சொந்தக் காரில் ஒரு ஜோடி, திரையில் ஒரு விமானம், பின்னால் புகை கக்கிக்கொண்டு ஓடும் சரக்கு ரயில். 43 பல்புகள் ஒரே நேரத்தில் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் திரை வெளுத்துப் போனதால், விமானக் காட்சியைத் தனியாக எடுத்து பிரின்ட் போடும்போது சேர்த்திருக்கிறார். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அந்த ராத்திரி அங்கே இருந்தவர்கள் மூன்றையும் சேர்த்துத்தானே பார்த்திருப்பார்கள்!

இருந்தாலும் என் ஓட்டு அதற்கு இல்லை. என்னை நகரவிடாமல் நிறுத்திய படம் வேறு. 1955-ல் ரோனோக்கின் ஷாஃபர்ஸ் கிராஸிங் யார்டில் எடுத்தது. ஜே வகை எக்ஸ்பிரஸ் எஞ்சின், துப்பாக்கித் தோட்டா மாதிரி மூக்கு. அதன் ஹெட்லைட் கண்ணாடியை ஓர் எலக்ட்ரீஷியன் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம். எஞ்சின் ஓடவில்லை, புகை இல்லை, வேகம் இல்லை. குழந்தைக்கு முகம் துடைத்துவிடுகிறவர் முகத்தில் ஒரு கவனம் இருக்குமே, அதே கவனம். அந்த விளக்கு சுத்தமாக இருந்தால்தான் டிரைவருக்கு முன்னால் தண்டவாளம் தெரியும். இவர் அதில் ஏறிப் போகப் போவதில்லை. துடைத்துவிட்டு அடுத்த எஞ்சினுக்குப் போவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு சினிமா நாயகனுக்குப் போடுகிற லைட்டைப் போட்டு, பெயரையும் எழுதி வைத்திருக்கிறார் லிங்க்.

என் பெரியப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து பயர்மேன் ஆனவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி காட்டன் வேஸ்ட் வைத்திருப்பார். சாப்பிட உட்காரும்போதுகூட அதை எடுத்து விரல் இடுக்கைத் துடைப்பார். அத்தனை வருஷ வேலைக்கு அவருடைய ரயில்வே படம் என்று எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டு நிறுத்தி எடுத்தது. கையில் கரி அள்ளும் கரண்டியோ காட்டன் வேஸ்ட்டோ இல்லை. ரோனோக்கில் அந்த எலக்ட்ரீஷியன் முன்னால் நின்றபோது பெரியப்பாவை முதல்முறையாக வேலையில் பார்த்த மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது, மருமகள் பார்த்துவிட்டாள்.

அப்புறம்தான் மற்ற படங்களிலும் மனிதர்களைத் தேட ஆரம்பித்தேன். புளூஃபீல்டில் கிரீஸ் துப்பாக்கியோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருவர். ராத்திரியில் குழாய் பிடித்து எஞ்சினைக் குளிப்பாட்டுகிறவர்கள். ரோனோக் யார்டில் இரட்டை எஞ்சின் வண்டிக்கு விளக்கைக் காட்டிப் புறப்படச் சொல்கிறவர். லித்தியா ஊரில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியே ரயிலுக்குக் கை காட்டும் பையன். லூரே ஊரில் பாலத்தின் மேல் ரயில் போக, கீழே ஓடையில் குளிக்கிற பிள்ளைகள். இரும்பையே பார்த்துக்கொண்டு போனால் இவர்களைத் தவறவிட்டுவிடுவோம். லிங்க் தவறவிடவில்லை.

சத்தத்தையும் அவர் விடவில்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. டேப்பில் பதிவு செய்து இசைத்தட்டாகவே வெளியிட்டிருக்கிறார். அதில் ஒன்றை அங்கே ஹெட்போனில் கேட்டேன். 1957 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, ரூரல் ரிட்ரீட் என்ற சின்ன நிலையம். தேவாலய மணிகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கிறது. எங்கோ தொலைவில் விசில். ரயில் வந்து நிற்கிறது, பெருமூச்சு விடுகிறது, மெதுவாக இழுத்துக்கொண்டு கிளம்புகிறது. சத்தம் தேய்ந்து தேய்ந்து போன பிறகும் மணி ஒலிக்கிறது. ஹெட்போனைக் கழற்ற எனக்கு மனசே வரவில்லை.

1983 வாக்கில்தான் கண்காட்சிகள் மூலம் வெளியுலகம் இந்தப் படங்களைச் சரியாகக் கவனித்தது. நல்லவேளை, அதைப் பார்க்க அவர் இருந்தார். 1999-ல் வந்த 'அக்டோபர் ஸ்கை' படத்தில் எஞ்சின் டிரைவராக ஒரு காட்சியில் வருவதும் அவர்தான். 2001-ல் இறந்தார்.

வாஷிங்டன் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரில் நான்கு மணி நேரம்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள், நடுவில் யாரும் கூப்பிட வேண்டாம். தியேட்டர் படத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்; முதலில் அந்த எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் வீட்டிலும் ரயில்வேக்காரர் யாராவது இருந்து, அவர் வேலை செய்கிற படம் ஒன்று கிடைத்தால், பின்பக்கம் அவர் பெயர், ஊர், பார்த்த வேலை, வருஷம் எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.