இரட்சணிய யாத்திரிகத்தில் தூய வாழ்வு

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜான் பனியன் 1678-இல் ஆங்கில உரைநடையில் வெளியிட்ட கதையைத் தழுவியது இந்நூல். கம்பர் நெறியைப் பின்பற்றிய அதன் செய்யுள் நலத்தை அறிஞர் பலர் எடுத்துரைத்துள்ளனர். நூலின் உயிர்நிலையாகிய தூய வாழ்வினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பனியன் கதையில், தலைவன் முதுகிற் பாவச்சுமை தாங்கி, அழிவிற்குரிய நகரை நீங்குகின்றான். சிலுவையின் முன் அச்சுமை தானே கழன்று வீழ்கின்றது. இந்நிகழ்ச்சி கதையின் முற்பகுதியிலேயே அமைந்துள்ளது. சுமை நீங்கிய பின்னர் நெடுவழி எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. மீட்பு அருளால் எய்திற்றாயின் முயற்சி வேண்டா. முயற்சி வேண்டுமாயின் அருள் குறையுடைத்தாம் என்று தடை நிகழ்த்துவாரும் உளர்.

கதைப்போக்கே இதற்கு விடை தருகின்றது. சுமை நீங்கியவன் மலைச்சாரலில் உறங்கித் தான் பெற்ற சுருளை இழக்கின்றான். வந்த வழியே மீண்டு அதனைத் தேடுகின்றான். பின்னர், நடத்தற்கு எளிதென்று புல்வெளியில் இறங்கி, ஐயக்கோட்டையிற் சிறைப்படுகின்றான். எனினும் பழைய சுமை அவன் முதுகில் மீண்டும் ஏறிற்றிலது. ஆகலின், தூய நடை மீட்பிற்குத் தரும் விலையன்று. மீட்கப்பட்டவன் விழிப்புடன் காக்கவேண்டிய வாழ்வேயாம். கிருஷ்ணபிள்ளை நூலின் இறுதிப் பகுதிக்கே இரட்சணிய பருவம் எனப் பெயரிட்டமையும் ஈண்டுக் கருதத்தக்கது. தொடக்கம் அருளால் நிகழினும் நிறைவு வழியின் முடிவிலே உளது என்பது அதனாற் பெறப்படும்.

பனியன் சிலுவைக் காட்சியைச் சில வரிகளிற் கூறி மேற்சென்றார்; அவர்தம் நாட்டார் விவிலியத்தை நன்கு அறிந்தவர். கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் அமைத்து, இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடினார். இதனைப் புறக்கதை என்று தள்ளுதல் பொருந்தாது. இகழ்வாரைப் பொறுத்த பெருமான் கண்முன் நின்றாலன்றி, வழிச்செல்வோனுக்குப் பொறுமை வெறும் அறவுரையாய் முடியும். இடையிடையே வரும் தேவாரப் பாடல்களும் அத்தகையனவே. கடமையாகத் தோன்றும் தூய்மையை அவை அன்பாக்குகின்றன.

குறையொன்றும் சொல்லவேண்டும். பனியன் கதையில் மயக்குவோர் அயலாரைப் போல் எளிய பேச்சுப் பேசுவர். சோதனை நாள்தோறும் வழங்கும் மொழியில் வருதலே அதன் கொடுமை. காப்பியச் செய்யுளின் பெருமிதத்தில் இவ்வியல்பு ஓரளவு மறைந்துவிடுகின்றது.

ஆயினும், தன்னேரில்லாத் தலைவனைப் பாடும் காப்பிய மரபில், இடறி வீழ்ந்து மீண்டும் எழுபவனைத் தலைவனாக்கியது இந்நூல். வழுவாமையன்று, வழுவிய இடத்திலிருந்து நெறிக்கு மீளுதலே தூய வாழ்வு என்பதே நாம் கண்ட முடிபு.