கட்டை எண்ணிய பெருவழி

பழந்தமிழர் நெடுஞ்சாலையைப் 'பெருவழி' என வழங்கினர். அதனை அளந்து அறிவிக்கவும் கற்றிருந்தனர். தருமபுரி வட்டாரத்திற் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று, நாவற்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் உண்டென எழுத்தாலும் எண்ணாலும் அறிவிக்கிறது. கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. எழுத்தறியாத வழிப்போக்கனும் தொலைவை உணரட்டும் என்று செய்யப்பட்ட ஏற்பாடு அது என்பர் ஆய்வாளர். கோவைக்கு அருகில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, தமிழெழுத்து, வட்டெழுத்து ஆகிய இரண்டிலும் பொறிக்கப்பட்டது. சாலையின் மரபைப் பேணுவோர்க்கு இக்கற்கள் ஓர் அளவுகோலைத் தருகின்றன. சாலை தன்மேல் நடந்த எளியவனையும் மறவாதிருத்தல் வேண்டும் என்பதே அது.

இவ்வளவுகோலைக் கொண்டு மலேசியாவின் பழைய பெருவழியை நோக்குதல் தகும். சிரம்பானிலிருந்து ரெம்பாவ், தம்பின் வழியாகக் கிம்மாசுக்குச் செல்வது முதலாம் கூட்டரசுச் சாலை. மலாக்காவிலிருந்து அலோர் காஜா, புலாவ் செபாங் வழியாக வரும் சாலை தம்பினில் அதனோடு கூடுகிறது. புலாவ் செபாங் மலாக்காவைச் சார்ந்தது. தம்பின் நெகிரி செம்பிலானைச் சார்ந்தது. ஊர் இரண்டாயினும் கடைத்தெரு ஒன்றே எனத் தோன்றுமளவு இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன.

இவ்வழியின் வரலாறு அடுக்கடுக்கானது. 1831, 1832ஆம் ஆண்டுகளில் நடந்த நானிங் போரின்போது, தோல் சைட் என்னும் தலைவரை அடக்கப் புறப்பட்ட ஆங்கிலப் படை, காட்டை வெட்டிச் சாலை அமைத்துக்கொண்டே அலோர் காஜாவை நோக்கி முன்னேறியது. அப்படையிற் பெரும்பகுதி சென்னை மாகாணத்தினின்று வந்தது. அதில் இருந்த பெக்பி என்னும் பீரங்கிப் படை அதிகாரி எழுதிய நூல் 1834இல் சென்னையிலேயே அச்சாயிற்று. பின்னர், 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் இரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகவே சாலைகளும் பெருகின. தம்பினுக்கும் மலாக்காவுக்கும் இடையே 1905இல் இரயில் பாதையும் திறக்கப்பட்டது. சப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அப்பாதைக்குத் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டதும், மீளாதவர் பலர் என்பதும் யாவரும் அறிந்தவை. இரும்பும் மனிதரும் ஒரே திசையிற் சென்ற வரலாறு அது.

இத்துணைச் செய்திகளும் இன்றைய மரபுப் பாதுகாப்பில் இடம் பெற்றுள்ளனவா? 2005ஆம் ஆண்டிலேயே நாட்டிற்குத் தேசிய மரபுடைமைச் சட்டம் வாய்த்தது. 2008இல் மலாக்கா நகரம் ஜார்ஜ் டவுனுடன் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம் பெற்றது. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும், நகரைக் காத்தோர் நகருக்கு வந்த வழியைப் பெரிதும் எண்ணவில்லை. கோட்டைக்குக் காவல் உண்டு. கோட்டைக்குப் பொருள் சுமந்த சாலைக்கு இல்லை. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையுற்றபின் தொலைதூர வண்டிகள் பழைய வழியை விட்டு விலகின. மறதிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

குறை அரசினிடம் மட்டும் இல்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கும் வரை, பொதுப்பணித் துறைச் சாலைகளிலும் இரயில் பாதைகளிலும் உழைத்தோருள் தென்னிந்தியரே மிகுதி. அவ்வாறிருந்தும் இந்நாட்டுத் தமிழிலக்கியம் பால்மரக் காட்டைப் பேசிய அளவிற்குச் சாலையைப் பேசவில்லை. கல்லுடைத்துத் தார் ஊற்றியவன் கதை, மரம் சீவியவன் கதையின் நிழலில் மறைந்துவிட்டது.

பயன்படுத்தும் சாலையை எவ்வாறு காப்பது, அகலப்படுத்தாமல் விட முடியுமா என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அமெரிக்காவின் 66ஆம் எண் சாலை இதற்கு விடை தரும். 1926இல் தோன்றிய அச்சாலை, 1985இல் அதிகாரப் பட்டியலினின்று நீக்கப்பட்டது. 1999இல் அதன் மரபைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டபோது, சாலையோரத்துப் பழைய விடுதிகளும் எண்ணெய் நிலையங்களும் உதவிக்குரியன ஆயின. தார் மாறலாம், வளைவு நிமிரலாம். ஓரத்து வாழ்வைக் காக்க முடியும் என்பதே அங்குக் கிடைக்கும் பாடம். ஆனால், விளம்பரம் முந்திக்கொண்டு ஆவணம் பிந்தினால் மிஞ்சுவது படம் எடுக்கும் இடம் மட்டுமே. முதலில் பேணுதல், பிறகு பரப்புதல் என்ற வரிசை மாறலாகாது.

புலாவ் செபாங்கில் தொடங்கத்தக்க பணி சிறியதே. எஞ்சிய மைல்கற்கள், பழைய பாலங்கள், மறைந்த இரயில் பாதையின் தடம், சாலைத் தொழிலாளர் குடியிருந்த இடங்கள் ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். முதியோர் நினைவுகளைப் பதிவு செய்யலாம். மலாய், தமிழ், சீனம் ஆகிய மொழிகளில் ஓர் அறிவிப்புக் கல் நாட்டலாம். இரு மாநிலத்தாரும் கூடிச் செய்தல் இன்னும் நன்று. ஊர் எல்லை சாலைக்கு இல்லையன்றோ!

தமிழரின் பேச்சிலேயே ஒரு மைல்கல் இன்னும் நிற்கிறது. மைலைக் 'கட்டை' என்று எண்ணி, 'ஆறாங்கட்டை', 'எட்டாங்கட்டை' என இடங்களுக்குப் பெயரிட்டவர் அவர். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. கட்டை மட்டும் பெரியோர் நாவில் தங்கிவிட்டது. அதியமான் கல்லின் குழிகளைப் போல, எழுத்தறியாதார் காத்த அளவை அது. அச்சொல்லும் மறைவதற்குள் அதன் பொருளை இளையோர்க்கு உணர்த்துவது கற்றோர் கடன்.