வழக்குரை காதையும் பொதுமன்னிப்பும்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் போற்றாத தமிழாசிரியர் இலர். கண்ணகியின் சொல்லாற்றலையும் பாண்டியனின் மானவுணர்வையும் வியந்து மாணவர்க்குக் குறிப்புக் கொடுக்கின்றோம். ஆயினும் அக்காட்சியின் பேரவலத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கண்ணகி அவை புகும்போது தண்டனை நிறைவேறி முடிந்துவிட்டது. அரண்மனைக்கு அணுக்கனான பொற்கொல்லனின் சொல் உரிய வேளையில் மன்னன் செவிக்கு எட்டியது. ஊரும் உறவுமற்ற பெண்ணின் சொல் காலங்கடந்தே எட்டியது. இளங்கோ காட்டும் அநீதியின் வேர் இதுவேயாகும்.

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2000ஆம் ஆண்டு டிசெம்பரில், தாம் விட்டுப் பெயர்ந்த வீடுகளைப் பார்க்கச் சென்ற எட்டுப் பேர் மிருசுவிலிற் கொல்லப்பட்டனர். ஐந்து வயதுக் குழந்தையும் அவர்களுள் ஒன்று. 2015இல் இராணுவத்தினர் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. மறு ஆண்டு மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பளித்தார்.

மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்பளிக்குமுன் கேட்கப்படவேண்டியோரை அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை வரிசைப்படுத்துகின்றது: வழக்கை விசாரித்த நீதிபதி, சட்டமா அதிபர், நீதி அமைச்சர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அவ்வரிசையில் இடமில்லை. பாதிக்கப்பட்டோரைப் பாதுகாக்கவென வந்த 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், மன்னிப்பு ஆலோசிக்கப்படுமிடத்து, குற்றம் தம் வாழ்வை எவ்வாறு சிதைத்தது என்பதைத் தெரிவிக்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. ஏட்டில் எழுதப்பட்ட உரிமை வாயிலைத் திறந்துவிட்டதா? 2011இல் கொல்லப்பட்ட அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திராவின் குடும்பத்தினர், குற்றவாளிக்கு 2021இல் மன்னிப்பு வழங்கப்பட்ட பின்னரே உயர் நீதிமன்றத்தை நாடினர். 2024 ஜனவரியில் அம்மன்னிப்பு செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அவர்களும் கண்ணகியைப் போல முடிவுக்குப் பின்னரே வழக்குரைத்தனர். பெயரும் வசதியும் உடையோர் நிலையே இதுவெனின், மிருசுவில் ஏழைகளின் நிலை என்ன?

பாதிக்கப்பட்டோரைக் கேட்டால் பழிவாங்கலே மிஞ்சும் என்பார் உளர். மதுரை எரிந்ததையும் அவர்கள் சான்று காட்டலாம். ஆனால் கண்ணகியின் சொல் முன்னரே கேட்கப்பட்டிருந்தால் மதுரை எரிந்திராது என்பதே காப்பியம் தரும் விடை. தூக்குக் கயிற்றை நாம் ஆதரிப்பவரல்லர். திருந்திய கைதிக்குக் கருணை வேண்டும் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. நாம் கேட்பது தடுப்பதிகாரமன்று. முடிவுக்கு முன்னர் அறிவித்தல், தம் இழப்பையும் அச்சத்தையும் தம் தாய்மொழியிற் சொல்ல வாய்ப்பு, எழுத்தறியாதார்க்குத் துணை, இறுதியில், காரணங்காட்டிய முடிவு. இவ்வளவே.

கருணை ஆள்வோரின் தனிச்சொத்தன்று. இழந்தவரைப் புறந்தள்ளி அளிக்கப்படும் மன்னிப்பு, பலமுடையோர் தம்முள் செய்துகொள்ளும் உடன்பாடாகவே முடியும். அடுத்த முறை வழக்குரை காதையைக் கற்பிக்கும்போது, பாண்டியன் ஏன் இறந்தான் என்பதோடு நில்லாது, கண்ணகியை அவன் ஏன் முன்னரே கேட்கவில்லை என்றும் மாணவரிடம் வினவுவோமாக.