இரண்டு ஜான்களும் ஒரு டிரம் மெஷினும்

வளரும் ராக் குழுக்களின் ஒலி பெரும்பாலும் பருத்துக்கொண்டே போகும்: கூடுதல் வாத்தியம், கூடுதல் நிமிடங்கள். நியூயார்க்கின் ‘தே மைட் பி ஜயன்ட்ஸ்’ என்னை வசப்படுத்தியது வேறு காரணத்தால். ஆல்பத்துக்கு ஆல்பம் ஏதாவது ஒரு புது வரம்பைத் தேடிப் போய், அதற்குள் நின்று பாட்டைக் கட்டுகிறார்கள்.

ஜான் ஃப்ளான்ஸ்பர்க் கையில் கிட்டார், ஜான் லின்னல் தோளில் அக்கார்டியன். 1982இல் தொடங்கிய குழுவில் டிரம்மர் கிடையாது. தாளம் மெஷினிலிருந்து வந்தது. புரூக்ளினில் ஒரு ஆன்சரிங் மெஷினில் பாட்டைப் பதிந்துவைத்து, அந்த எண்ணை விளம்பரம் செய்தார்கள். கூப்பிட்டவர் போனை வைப்பதற்குள் மெட்டு அவரைப் பிடித்துவிட வேண்டும். 1986இல் வந்த முதல் ஆல்பத்திலும் 1988இன் ‘லிங்கன்’ ஆல்பத்திலும் அந்தப் பயிற்சி கேட்கிறது. ‘அனா இங்’ பாட்டில் கிட்டார் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு விழ, முதல் நொடியிலேயே நாம் உள்ளே இருப்போம்.

1990இன் ‘ஃபிளட்’ பெரிய நிறுவனமான எலெக்ட்ராவில் வந்தது. ஒலி அகன்றது, பாட்டு தளரவில்லை. ‘பேர்ட்ஹவுஸ் இன் யுவர் சோல்’ பாட்டைப் பாடுவது படுக்கையறையின் இரவு விளக்கு. ஆதார சுருதி இடம் மாறிக்கொண்டே இருந்தும் மெட்டு வாயைவிட்டு நழுவாது. கடினத்தை இவ்வளவு இனிமையாக மறைக்கும் கலை எனக்குத் தீராத வியப்பு.

1992இல் ‘அப்போலோ 18’. சிடி பிளேயரின் ஷஃபிள் வசதிக்காகவே ‘ஃபிங்கர்டிப்ஸ்’ என்ற பெயரில் 21 குட்டித் துணுக்குகள், ஒவ்வொன்றும் தனி டிராக்காக. அவற்றில் சில, சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு.

பெரிய திருப்பம் 1994இல். மெஷினை விட்டு முழுக் குழுவோடு பதிவுசெய்த ஆல்பத்துக்கு, நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்ட அமெரிக்க நாட்டுப்புறக் கதையின் சம்மட்டித் தொழிலாளி ‘ஜான் ஹென்றி’யின் பெயரை வைத்தார்கள். மனிதக் கை தட்டும் டிரம்ஸில் பாட்டு மூச்சு விடுகிறது. பழைய மெஷினின் விறைப்பான துள்ளலை விரும்பியவர்களுக்கு ஏக்கம் இருந்தது நியாயமே. எனக்கு இரண்டும் வேண்டும். இரண்டு வருடம் கழித்து ‘ஃபேக்டரி ஷோரூம்’ ஆல்பத்துக்காக எடிசனின் ஆய்வுக்கூடத்தில், மின்சாரமே இல்லாமல், புனல் முன்னால் நின்று மெழுகு உருளையில் ஒரு பாட்டைப் பதிந்தார்கள். தெளிவற்றுக் கேட்கும் குரல்களைப் பற்றிய பாட்டு அது. கரகரப்பே அதன் பொருளாகிவிட்டது.

பிறகு குழந்தைகளுக்கு வந்தார்கள். 2009இன் ‘ஹியர் கம்ஸ் சயன்ஸ்’ ஆல்பத்தில், சூரியனை எரியும் வாயுத் திரள் என்று சொல்லும் 1959ஆம் ஆண்டுப் பாட்டைப் பாடிவிட்டு, அடுத்த பாட்டிலேயே அது வாயு அல்ல, பிளாஸ்மா என்று திருத்துகிறார்கள். அறிவியல் உண்மைக்கு அடங்கி நடப்பதுதான் இம்முறை அவர்கள் ஏற்ற வரம்பு. அதற்குள்ளும் குழந்தையை எழுந்து ஆடவைக்கும் தாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.